அளவு போதாதவர்

அர்டக்கில் ஏரியில் யார் வேண்டுமானாலும் கால் நனைக்கலாம். ஏரியின் நடுவுக்குப் போக வேண்டுமானால் படகு வேண்டும். படகுகள் பதினாறும் கில்பிரானக் ஈத்தூண்டில் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்துப் படகில் உறுப்பினரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. ஆகவே எஃபி லாமண்ட், முப்பத்தொரு வருஷமாகத் தான் வாயாரத் திட்டிவந்த அதே சங்கத்தில், தன் ஐம்பத்தெட்டாவது வயதில் உறுப்பினராகச் சேர்ந்தாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் அவள். மீனைப் பொரிக்கத் தெரியும். பிடிப்பதில் அவளுக்கு எந்த ஆசையும் கிடையாது. ஆனால் அவள் கணவர் மர்டோ பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாரைத் தீவுக்குத் தெற்குப் பக்கம், கோரைப் புல்லுக்கு முன்னாடி என்னைக் கரைச்சுடு எஃபி. சங்கத்துல மட்டும் கேட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஏன் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கும் அப்போது அதைக் கேட்கிற மனநிலை இல்லை.

சங்கத்தில் சேர மூன்று விண்ணப்பங்கள் எழுத வேண்டியிருந்தது. பிறகு சங்கக் கட்டடத்துப் புல்வெளியில் தூண்டில் வீசும் தேர்வு. எஃபி வீசிய ஈ, அதாவது மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய் ஈ, முப்பது அடி தள்ளி நின்ற தேர்வாளரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தது. "தூரம் திருப்தி. திசை அனுபவத்தில் வரும்" என்று எழுதி அவளுக்குத் தேர்ச்சி கொடுத்தார்கள். கடைசியாக, மர்டோவின் சங்கச் சின்னத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அது அவருடைய கோட்டில் குத்தியிருந்தது. கோட்டோடுதான் அவரைத் தகனம் செய்திருந்தார்கள். இதைக் கேட்டுச் சங்கத்தார் மிகவும் வருந்தினார்கள், சின்னத்துக்காக.

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு, ஆண்டுக் கோப்பைக்கான படகு நாள். காலை ஒன்பதரை மணிக்கு முப்பத்திரண்டு உறுப்பினர்கள் ஒரே மாதிரிப் பச்சைச் சட்டையும், செயற்கை ஈக்கள் குத்திய தொப்பியுமாக மரத்துறையில் வரிசையாக நின்றார்கள். சங்கத் தலைவர் நினியன் துகிட் ஒரு பெட்டியின் மேல் ஏறினார். ஊரில் சவ அடக்க நிலையம் நடத்துகிறவர் அவர். மர்டோவைத் தகனத்துக்கு அனுப்பிவைத்ததும் அவர்தான். அதே குரலில்தான் எல்லாக் கூட்டங்களிலும் பேசுவார்.

"நண்பர்களே, இந்த ஏரிக்கு நாம எஜமானர்கள் இல்ல. காவல்காரர்களும் இல்ல. ஒரு விதத்துல பாத்தா, நாமதான் ஏரி."

எல்லோரும் கை தட்டினார்கள். ஏரி வழக்கம்போலக் கிடந்தது.

யார் யாரோடு எந்தப் படகில் போவது என்பதற்குக் குலுக்கல் நடந்தது. எஃபிக்கு ஒன்பதாம் எண் படகு. துணை, செயலாளர் க்ராஸ்பி மென்டீத். பக்கத்தில் நின்றவர் அவளுடைய தோளில் பரிவோடு தட்டிக் கொடுத்தபோதுதான், புது உறுப்பினர்களுக்கெல்லாம் குலுக்கலில் எப்படியோ மென்டீத்தே வந்து விழுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

மென்டீத் எடை அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கில்பிரானக் ஊரில் அவர் கைபடாத தராசு கிடையாது. அவர் ஏறியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. எஃபியை அரை அடி தள்ளி உட்காரச் சொல்லிச் சமன் செய்தார். மிதவைச் சட்டையின் வார்களை இறுக்கிவிட்டார். அது அவள் தாடை வரைக்கும் ஏறி நின்றது.

"பத்து மணிக்குக் கொம்பு ஊதுவாங்க. ஆறு மணிக்கு மறுபடி ஊதுவாங்க. நடுவுல எழுந்து நிக்கக் கூடாது. கரையில கால் வைக்கக் கூடாது. வெச்சா ரெண்டு பேரும் போட்டியிலேர்ந்து அவுட்."

"எட்டு மணி நேரமா? அவசரம்னா?"

மென்டீத் படகின் அடியில் கிடந்த தகர வாளியைக் கண்ணால் காட்டினார். "அதுக்கும் விதி இருக்கு. பதினொண்ணு."

எஃபி அப்போதே முடிவு செய்துகொண்டாள், ஆறு மணி வரைக்கும் தேநீர்க் குடுவையைத் திறப்பதில்லை என்று.

கொம்பு ஊதினார்கள். மென்டீத் மோட்டாரைக் கிளப்பிக் காற்று வருகிற திசைக்குப் போய், மோட்டாரை நிறுத்தி, படகைக் காற்றோடு மிதக்க விட்டார். அது மிதக்க மிதக்க, முன்னால் தூண்டிலை வீசி இழுக்க வேண்டும். வீசி, இழுத்து, மறுபடி வீச வேண்டும். ஏரியின் அந்தக் கோடி வந்ததும் மறுபடி மோட்டார், மறுபடி மிதப்பு. இதற்காகத்தான் மர்டோ முப்பத்தொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இல்லாமல் போனார் என்பதை எஃபியால் நம்பவே முடியவில்லை. ஒருவேளை வேறு பெண் யாராவது இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று தோன்றியது.

நாரைத் தீவு இடது பக்கம் தொலைவில் தெரிந்தது. ஒவ்வொரு மிதப்பிலும் படகு அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

"அந்தத் தீவுப் பக்கம் போகலாமா, மிஸ்டர் மென்டீத்?"

"அங்க மீன் இல்ல."

"மீனுக்காக இல்ல..."

"மீனுக்காக இல்லன்னா இங்க வேற எதுக்கு வந்திருக்கோம்?"

இதற்குள் அவர் இரண்டு மீன் பிடித்திருந்தார். இரண்டும் பதினாலு அங்குலம். மூன்றாவது வருஷமும் கோப்பை தனக்குத்தான் என்கிற நிம்மதியில் பதினொன்றரை மணிக்குக் கோலை மடியில் வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். எஃபியின் காலடியில் இருந்த பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. வெண்ணெய் பிஸ்கட் டப்பா. மூடியில் ஓர் ஆட்டுக்குட்டி.

"எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

"தர முடியாது மிஸ்டர் மென்டீத். அது மர்டோ."

மென்டீத் டப்பாவைப் பார்த்தார். எஃபியைப் பார்த்தார். பிறகு, பதவியில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். துக்கம் விசாரிப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்.

எஃபி எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டதை, தீவை, கோரைப் புல்லை. ஐந்து நிமிஷ வேலை, மோட்டாரைக் கிளப்பிக் கொஞ்சம் அந்தப் பக்கம் விட்டால் போதும், அப்புறம் வாயைத் திறக்காமல் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள்.

"மிசஸ் லாமண்ட், மர்டோ என் நண்பர். என் நண்பராவே இருந்தாலும் இது செயலாளர் தனியா முடிவு பண்ற விஷயம் இல்ல" என்று சொல்லி, படகின் மூக்கில் இருந்த கம்பில் சிவப்புக் கொடியை ஏற்றினார்.

சிவப்புக் கொடி ஏறினால் செயற்குழு கூட வேண்டும். செயற்குழுவுக்கு மூன்று பேர் தேவை. மற்ற இரண்டு பேரும் ஒன்றாம் எண் படகில் இருந்தார்கள்: தலைவர் துகிட்டும், நடவடிக்கைக் குறிப்பாளர் மிஸ் பெத்தியா கெய்ர்ன்ஸும். பெத்தியா ஊர் நூலகத்தில் இருக்கிறவர். சங்கத்தின் குறிப்பேடுகள் அத்தனையையும் ரப்பர்ப் பையில் போட்டு எப்போதும் கூடவே கொண்டுவருவார். இருபது நிமிஷத்தில் ஒன்றாம் எண் வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்றால், இருபது கஜம் தள்ளி நின்றது. மீன்பிடி நேரத்தில் ஒரு படகு இன்னொரு படகை அதைவிட நெருங்கக் கூடாது.

ஆகவே கூட்டம் கத்திக் கத்தி நடந்தது.

"மிசஸ் லாமண்ட்!" என்று துகிட் கைகளை வாயில் குவித்துக்கொண்டு கூவினார். "உங்க வீட்டுக்காரரை எவ்வளவு மரியாதையா அனுப்பிவெச்சேன்னு உங்களுக்கே தெரியும்! அது தொழில் பண்ற துகிட்! இப்ப பேசறது தலைவர் துகிட்! ரெண்டு பேரையும் நீங்க ஒண்ணாப் பாக்கக் கூடாது!"

"ஒருத்தர்தானே தெரியறீங்க!" என்று எஃபி கூவினாள்.

காற்று கொஞ்சம் வலுத்தது. படகுகள் விலகின. "கோரம் இல்ல! கூட்டத்துக்கு மூணு பேர் இல்ல!" என்று பெத்தியா கத்த, மென்டீத் துடுப்புப் போட்டு மறுபடி அருகே கொண்டுவந்தார். விலகியிருந்த நேரத்தில் பேசியதெல்லாம் செல்லாது என்பதால் துகிட் மறுபடியும் முதலிலிருந்து, தானே இரண்டு பேர் என்பதிலிருந்து, ஆரம்பித்தார். இது மூன்று முறை நடந்தது.

ஒரு வழியாகப் பெத்தியா ஒன்பதாம் விதியைப் படித்தார். "செயற்கை ஈ தவிர்த்த எந்தப் பொருளையும், அது மாவாயினும், தூளாயினும், துகளாயினும், முன்பு உயிருடன் இருந்ததாயினும், நீரில் இடுதல், மீனுக்குத் தீவனம் இடும் குற்றமாகவே கொள்ளப்படும்; அவ்விடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவரும் தூண்டில் வீசலாகாது."

"என் புருஷன் தீவனமா?"

"விதி அப்படிச் சொல்லல, மிசஸ் லாமண்ட்! இல்லைன்னும் சொல்லல!"

"முன்பு உயிருடன் இருந்ததாயினும்! இப்படி எழுதறதுக்கு மனுஷனுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்! யாருங்க எழுதினது?"

பெத்தியா இன்னொரு குறிப்பேட்டை எடுத்துத் தாள்களைப் புரட்டினார். அவருடைய தலை நிமிரவில்லை. "முன்மொழிந்தவர், விதிகள் துணைக்குழுவின் அமைப்பாளர், எம். லாமண்ட்."



எஃபி டப்பாவைப் பார்த்தாள். வீட்டில் இந்த மனிதர் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டவர். எந்த ஜாம் வேண்டும் என்று கேட்டால், உனக்கு எது பிடிக்குமோ அது என்பார். அவருக்குள் ஓர் அமைப்பாளர் இருந்திருக்கிறார். துணைக்குழு வேறு. சங்கத்தில் கேட்காதே என்று அவர் ஏன் சொன்னார் என்பது இப்போது புரிந்தது.

"அடப்பாவி மனுஷா" என்றாள் டப்பாவிடம்.

"இன்னொரு சிக்கல்!" பெத்தியாவின் குரல் காற்றில் வந்தது. "சின்னத்தைத் திருப்பித் தராத உறுப்பினர் உறுப்பினராகவே கருதப்படுவார்! மர்டோ திருப்பித் தரல! ஆகவே ஒன்பதாம் எண் படகுல இப்ப மூணு பேர்! ஒரு படகுக்கு ரெண்டு பேர்தான்! அந்தப் படகுல பிடிச்ச மீன் எதுவும் கணக்குல வராது!"

மென்டீத்தின் முகம் மாறியது. அவருடைய பதினாலு அங்குல மீன்கள் இரண்டும் ஈரச் சாக்கில் அவர் காலடியில் கிடந்தன. "மர்டோ ஆள் இல்ல!" என்று கத்தினார். "அவர் ஒரு பொருள்!"

"பொருளா? அப்படின்னா தீவனத்தைப் படகுல வெச்சிருந்த குற்றம்! விதி பத்து!"

"அப்படின்னா பொருளும் இல்ல!"

"ஆள் இல்ல, பொருளும் இல்லன்னா, எதைப் பத்தி மூணு பேரும் அரை மணி நேரமாக் கத்தறோம், மென்டீத்?" என்றார் தலைவர்.

இப்படி நியாயமான ஒரு கேள்வி அந்தச் சங்கத்தில் எழுந்து பல வருஷங்கள் ஆகியிருந்ததால், அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே தீர்மானம் போட்டார்கள். விஷயம் நவம்பர் மாதப் பொதுக்குழுவுக்கு அனுப்பப்படும். அதுவரை மர்டோ லாமண்ட் செயலாளரின் பொறுப்பில், சங்கக் கட்டடத்தின் பூட்டிய அலமாரியில், கோப்பைகளுக்குக் கீழ்த் தட்டில் இருப்பார்.

"கொடுங்க, மிசஸ் லாமண்ட்" என்று மென்டீத் கையை நீட்டினார்.

எஃபி மிதவைச் சட்டையின் வாரைத் தளர்த்தி, டப்பாவை மார்போடு சேர்த்து உள்ளே செருகி, வாரை மறுபடி இறுக்கிக்கொண்டாள். முந்நூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற அவளுடைய கண்கள் மென்டீத்தின் கையைப் பார்த்தன. அந்தக் கை தானாக மடங்கிக்கொண்டது.

"கரைக்கு வந்ததும் கொடுத்தாகணும்" என்றார் அவர் மெல்ல. "துறையில துகிட் காத்திருப்பார்."

ஒன்றாம் எண் படகு போய்விட்டது. மணி ஒன்றுதான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகான மூன்று மணி நேரத்தை எஃபி பிற்காலத்தில் யாரிடமும் விவரித்ததில்லை. மழை வந்தது, நின்றது, கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் வந்தன, மறுபடி மழை வந்தது. எழுந்திருக்கக் கூடாது. நாலு பக்கமும் தண்ணீர். தண்ணீருக்கு அப்பால் கரை, அங்கே ஆறு மணிக்குத் துகிட். மோட்டாரின் பிடி மென்டீத்தின் கைக்குக் கீழே. டப்பாவின் விளிம்பு விலா எலும்பில் அழுத்தியது. முப்பத்தொரு வருஷமாகச் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவரை எடுத்துக்கொண்டு போயிற்று. இனி வாரம் முழுக்க வைத்துக்கொள்ளப் போகிறது. நவம்பரில் ஒரு துணைக்குழு அமைப்பார்கள். அது அடுத்த நவம்பருக்குத் தள்ளிப்போடும். மர்டோவின் மேலே வெள்ளிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக வந்து போகும்.

"வீசுங்க மிசஸ் லாமண்ட். வீசாம உக்காந்திருந்தா அதுக்கும் விதி இருக்கு."

அவள் பார்க்காமலே வீசினாள். கோல் நுனி துடித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பின்னால் இழுத்தாள். ஒரு ட்ரௌட் மீன் பறந்து வந்து மென்டீத்தின் மடியில் விழுந்தது.

மென்டீத் உடனே பித்தளை அளவுகோலை எடுத்தார். மீனை அதன் மேல் கிடத்தினார். மூக்கிலிருந்து வால் வரைக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஒன்பது. போதாது." மீனை இரு கைகளிலும் ஏந்தி நீரில் விட்டார். அது ஒரு நொடி நின்று, பிறகு மறைந்தது.

"ஏன் விட்டுட்டீங்க?"

"விதி பதினாறு." அவருக்கு அது மனப்பாடம். "படகினுள் வந்து சேர்ந்தது எதுவாயினும், அது பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைவாயின், தாமதமின்றி, மரியாதையுடன், நீருக்கே திருப்பி அனுப்பப்படும். படகுத் துணைவர் சாட்சிக் கையெழுத்து இடுவார்."

எஃபிக்கு அந்த ஒரு வார்த்தை காதில் தட்டியது. எதுவாயினும். மர்டோ கடைக்குப் போகும்போது எழுதும் சீட்டு நினைவுக்கு வந்தது. பால். ரொட்டி. பாலாடைக்கட்டி, எதுவாயினும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவையாவது என்ன பாலாடைக்கட்டி என்று எழுதியிருப்பாரா அந்த மனிதர்.

"இதையும் அவர்தான் எழுதினாரா?"

"பதினாறா? ஆமா. அவர் எழுதினதுதான் பாதிப் புத்தகம்."

"அந்த அளவுகோலைக் கொஞ்சம் கொடுங்க."

அவள் வாரைத் தளர்த்தி டப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்தாள். அளவுகோலை அதன் மேல் வைத்தாள். சிறிது நேரம் பார்த்துவிட்டு அப்படியே மென்டீத்தின் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு சொல்லுங்க. நீங்கதான் ஆய்வாளர்."

மென்டீத் பார்க்காமல் இருக்க முயன்றார். முப்பத்தாறு வருஷப் பழக்கம் விடவில்லை. "எட்டேகால்" என்றார்.

"பன்னெண்டுக்குக் கம்மியா இல்லையா?"

"மிசஸ் லாமண்ட், இது மீன் இல்ல."

"விதியில மீன்னு இருக்கா?"

மென்டீத் புத்தகத்தை எடுத்தார். பதினாறாம் விதியை ஒரு தடவை படித்தார். மழைத்துளிகளைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து மூன்றாவது தடவையும் படித்தார். மீன் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"டப்பா என்னோடது. நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள் எஃபி. "உள்ள இருக்கறவர் டப்பாவைவிடச் சின்னவர்."

"ஆனா ஒன்பதாம் விதி..."

"ஒன்பது நாம போடறதைப் பத்தி. இது திருப்பி அனுப்பறது. உங்க சங்கத்துலதான் எழுதியிருக்கு, திருப்பி அனுப்பணும்னு. தாமதமின்றின்னு வேற."

அந்தக் கடைசிச் சொல் வேலை செய்தது. மென்டீத்தின் முகம் வெளிறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு பத்து. அளவு போதாத ஒன்று காலை பத்து மணியிலிருந்து ஒன்பதாம் எண் படகில் இருந்திருக்கிறது. ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். செயலாளரே சாட்சியாக.

"அடக் கடவுளே!" என்று மோட்டாரைக் கிளப்பினார்.

அன்று அந்த ஏரியில் அதுவரை எந்தப் படகும் போகாத வேகத்தில் ஒன்பதாம் எண் படகு போனது. நாரைத் தீவின் தெற்குப் பக்கம் கோரைப் புல்லுக்கு முன்னால் மோட்டாரை அணைத்தார். அங்கே காற்றில்லை. தண்ணீர் தட்டாகக் கிடந்தது.

எஃபி மூடியைத் திறந்தாள். காலையிலிருந்து அந்த மனிதரைத் திட்டுவதற்கு அவள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "தாழ்ப்பாளை நானே சரி பண்ணிட்டேன் மர்டோ" என்றாள். டப்பாவை நீரோடு நீராகச் சாய்த்தாள். சாம்பல் ஒரு சின்ன மேகமாகக் கலைந்து, கொஞ்சம் அமிழ்ந்து, மீதி மேலே படர்ந்து மெல்ல நகர்ந்தது.

மென்டீத் தொப்பியைக் கழற்றியிருந்தார். விதியில் மரியாதையுடன் என்று இருந்ததால் கழற்றினாரா, தானாகக் கழற்றினாரா என்பது எஃபிக்குத் தெரியவில்லை. "நல்ல மனுஷன்" என்றார். "ஒரு கோப்பைகூட ஜெயிச்சதில்ல. ஆனா நல்ல மனுஷன்."

அப்போது சாம்பல் படர்ந்த இடத்தில் நீர் லேசாகக் குழிந்தது. ஒரு வளையம். பிறகு இன்னொன்று. பழுப்பு நிறத்தில் அகன்ற ஒரு முதுகு, அவசரமே இல்லாமல், புரண்டு மறைந்தது.

மென்டீத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மிசஸ் லாமண்ட், நீங்க தப்பா நினைக்கலன்னா... கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறீங்களா?"

"எதுக்கு?"

"துக்கத்துக்கு. தனிமை வேணும் இல்லையா. உங்களுக்கு."

எஃபி திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் கோல் காற்றை வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு உருளை அலறிக்கொண்டு நூலைக் கக்கும் சத்தம். பிறகு கால் மணி நேரத்துக்கு, முப்பத்தாறு வருஷம் அரசுப் பணியில் இருந்த ஒருவர் மீனைக் கெஞ்சுகிற சத்தம். "வாடா ராஜா. வா. வா. என் கண்ணு இல்ல." கைவலை தண்ணீரை அள்ளியது. படகின் அடிப்பலகையில் கனமான ஏதோ விழுந்து அடித்துக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு அங்குலம். அளவுகோலே போதவில்லை.

"தீவனம் போட்ட இடத்துல ஒரு மணி நேரத்துக்கு யாரும் வீசக் கூடாதுன்னு மத்தியானம் படிச்சாங்களே?"

"தீவனம் யார் போட்டா?" என்றார் மென்டீத். அவருடைய கண்கள் பளபளத்தன. "அளவு போதாததைத் திருப்பி அனுப்பினோம். அதுக்கு விதி பதினாறு இருக்கு. விதியைத் தாண்டி நான் ஒரு அங்குலம் போனவன் இல்ல, மிசஸ் லாமண்ட்." மீன் கணக்கு அட்டையை எடுத்து வேகமாக நிரப்பினார். நேரம், நீளம், இடம். பிறகு அவளிடம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து. உங்க கையெழுத்து இல்லாம இந்த மீன் மீனே இல்ல."

எஃபி பேனாவை வாங்கினாள். காலையிலிருந்து முதல் தடவையாக முடிவு அவள் கையில் இருந்தது. கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது: எந்த ஈயில் பிடிபட்டது?

"இங்க என்ன எழுதுவாங்க?"

"ஈயோட பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் உண்டு. பெரும்பாலும் ஆள் பேருதான். யாராவது பாதிரியார், யாராவது கர்னல், அதைக் கட்டினவரோட அத்தை. நான் எழுதிக்கறேன், கொடுங்க."

அவள் கொடுக்கவில்லை. கட்டத்தில் நிதானமாக எழுதினாள். பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். மர்டோ லாமண்ட்.

"இப்படி ஒரு ஈ கிடையாது!"

"இப்ப இருக்கு. இல்லன்னா கீழ கையெழுத்து இல்ல."

மென்டீத் அட்டையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மீனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுத்து அழகா இருக்கு" என்றார்.

ஆறு மணிக்குக் கொம்பு ஊதினார்கள். எஃபி துறையில் கால் வைத்ததும் துகிட் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் காலி டப்பாவைத் திறந்து காட்டினாள். "விதி பதினாறு. செயலாளர் சாட்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சங்கக் கட்டடத்துப் பெண்கள் கழிவறையை நோக்கி, எட்டு மணி நேரம் அடக்கிவைத்த வேகத்தில் நடந்தாள்.

அவள் வெளியே வந்தபோது பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. மென்டீத் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசினார். "நான் அதிகம் சொல்ல விரும்பல. திறமை முக்கியம் இல்ல. நேர்மை முக்கியம். விதி இருக்கே, அது நம்மளைக் கட்டிப்போடறதுக்கு இல்ல, நம்ம மீனைக் காப்பாத்தறதுக்கு."

துகிட் அட்டையை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "ஐந்தே கால் ராத்தல். நாரைத் தீவு, தெற்கு. பிடிபட்ட ஈ..." ஒரு கணம் நின்றார். மென்டீத்தைப் பார்த்தார், மென்டீத் கூரையைப் பார்த்தார். கூடத்தில் இருபத்தொன்பது உறுப்பினர்கள் காத்திருந்தார்கள். தலைவருக்குத் தெரியாத ஈ ஒன்று இருக்கிறது என்பதைவிடப் பெரிய அவமானம் அந்தச் சங்கத்தில் கிடையாது. "மர்டோ லாமண்ட்" என்று முடித்தார். "அருமையான ஈ. நானே பல தடவை கையாண்டிருக்கேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எஃபிக்குத் தோன்றியது.

கூடம் முழுக்கத் தலைகள் ஆடின. "மேகமூட்டமான நாளுக்கு அதுதான்" என்றார் ஒருவர். "எங்கப்பா அதைத் தவிர வேற எதையும் போட மாட்டார்" என்றார் இன்னொருவர். "பழைய ஈ. மறந்துட்டாங்க" என்று மூன்றாமவர் வருத்தப்பட்டார். பெத்தியா கெய்ர்ன்ஸ் எஃபியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அழகான கையெழுத்தில், அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் ஏற்றினார்.

எஃபி கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தொப்பி நிறைய ஈக்கள் குத்தியிருந்த ஒரு பெரியவர் பின்னாலேயே ஓடிவந்தார். யாரும் கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சின்னக் குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஏம்மா, நீங்க அந்தப் படகுலதானே இருந்தீங்க. அந்த மர்டோ லாமண்ட், அது என்ன நிறம்?"

"சாம்பல்" என்றாள் எஃபி.

"சாம்பலேதானா, இல்ல கொஞ்சம் பழுப்பு கலந்திருக்குமா?"

"அங்கங்க கொஞ்சம் வெள்ளை."

"எப்படிப் போடணும்?"

"மெதுவா. நீரோடு நீராச் சாய்ச்சு."

"மறுபடி மறுபடி வீசலாமா?"

"இல்ல" என்றாள். "ஒரு தடவைதான் போட முடியும்."

பெரியவர் அதையும் எழுதிக்கொண்டு, கீழே இரண்டு கோடு போட்டார்.